வீடற்றோரும் உள்ளூர்த் தலைவர்களும்: வடக்கனந்தல் முதல் வெள்ளிமலை வரை

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோராகப் பதிவாகிறவர்கள் சாலையோரத்திலும் நடைபாதையிலும் பாலத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் ரயில் நிலையத்திலும் இரவைக் கழிப்பவர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இவர்கள் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 51 ஆயிரம் பேர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள வடக்கனந்தலிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீடின்மை பெரும்பாலும் வேறு கோலத்தில் இருக்கிறது. ஏரிக்கரைப் புறம்போக்கில் தார்ப்பாய் போர்த்திய குடிசையில் வாழும் குடும்பம் கணக்கெடுப்பின் பார்வையில் வீடுள்ள குடும்பம். ஒரே தொகுப்பு வீட்டுக்குள் பெற்றோரும், மணமான இரண்டு மகன்களும், அவர்கள் பிள்ளைகளும் முடங்கிக் கிடந்தாலும் அப்படித்தான். நிலத்துக்காரரின் மோட்டார் கொட்டகையில் காவலிருக்கும் இருளர் குடும்பம், முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளை ஓரத்தில் பருவம் முழுவதும் தங்கும் குடும்பம், கரும்பு வெட்டும் நாட்களில் தோகைக் குடிசையில் காலம் தள்ளும் கூலியாட்கள் ஆகியோருக்கு வேலை போன அன்றே கூரையும் போய்விடுகிறது. வீடின்மையை ஒழிப்பது பற்றி இந்த வட்டாரத்தில் பேசும்போது இத்தனை பேரையும் சேர்த்தே பேச வேண்டும்.

வீட்டுத் திட்டத்தையும் அதற்கான தொகையையும் டெல்லியும் சென்னையும் முடிவு செய்கின்றன. எந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் ஏறும், எந்த இடத்துக்கு மனைப்பட்டா கிடைக்கும், எந்தக் குடிசை யார் கண்ணிலும் படாமல் போகும் என்பதெல்லாம் ஊருக்குள்ளேயே தீர்ந்துவிடுகின்றன. அங்கே வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், பேரூராட்சித் தலைவர், ஒன்றியக்குழு உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் ஆகியோரின் சொல்லுக்கு எடை உண்டு. ஏழைகளுக்காக உழைக்கும் அமைப்புகள் பல இவர்களை அரசியல்வாதிகள் என்று ஒதுக்கி வைத்து, ஆட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் மனுவோடு நடக்கின்றன. அது பெரிய தவறு. ஆட்சியர் மாற்றலாகிப் போவார்; வார்டு உறுப்பினர் அதே தெருவில் இருப்பார், அடுத்த தேர்தலில் அதே வாசலுக்கு வந்து நிற்பார்.

தலைவர்களை அணுகுவதற்கு முன் எந்தத் தலைவருக்கு எந்த அதிகாரம் என்பது தெளிவாக வேண்டும். வடக்கனந்தல் ஒரு பேரூராட்சி. அதனால் அரசு ஏட்டில் அது நகர்ப்புறம். எல்லையைத் தாண்டினால் கிராம ஊராட்சி, அது ஊரகம். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே கரும்புத் தோட்டம்தான், ஒரே மாதிரிக் குடிசைதான். வீட்டுத் திட்டம் மட்டும் வேறு. 2024-25 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டுவதை இலக்காகக் கொண்டது. வீட்டுக்கு ரூ. 3.50 லட்சம், 360 சதுர அடி. அது ஊரகத்துக்கு மட்டுமே உரியது. பேரூராட்சிக்காரர் பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில், பயனாளியே கட்டிக்கொள்ளும் பிரிவின் கீழ் வருவார். 2015இல் தொடங்கிய முதல் கட்டத்தில் மத்திய அரசின் ரூ. 1.50 லட்சமும் மாநில அரசின் ரூ. 60 ஆயிரமும் சேர்ந்து ரூ. 2.10 லட்சம் கிடைத்தது. இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலியை வீடு கட்டும் குடும்பத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் வசதியும் ஊரகத்துக்கே உண்டு. கனவு இல்லம் வாங்கித் தருவதாகப் பேரூராட்சி வார்டில் ஒருவர் வாக்களித்தால் அது நிறைவேறாத வாக்கு. மனு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இது தெரியாததால் வீணாகும் ஆண்டுகள் ஏராளம்.

ஊரகமோ நகர்ப்புறமோ, இந்தத் திட்டங்களுக்குப் பொதுவான ஒரு முட்டுக்கட்டை உண்டு. அது பட்டா. சொந்த மனை இருப்பவருக்குத்தான் வீடு. மனை இல்லாதவர், அதாவது உண்மையில் வீடு மிகவும் தேவைப்படுகிறவர், வரிசையின் கடைசியில்கூட நிற்க முடிவதில்லை. நத்தத்தில் பல காலமாகக் குடியிருப்பவருக்கு வருவாய் நிலை ஆணை 21இன்படி வட்டாட்சியர் வீட்டுமனை ஒப்படை செய்யலாம். ஆதிதிராவிடர் குடியிருப்புக்காக நிலம் கையகப்படுத்த 1978இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவருக்கு அந்த இடத்திலேயே பட்டா கிடைக்காது. மாற்று இடம்தான் வழி. அந்த மாற்று இடத்தைத் தேடும்போதுதான் உள்ளாட்சித் தலைவர் தேவைப்படுகிறார். ஊரில் எந்தப் புறம்போக்கு சும்மா கிடக்கிறது, எதை யார் வளைத்து வைத்திருக்கிறார், எந்த மேய்க்காலில் இப்போது மாடே மேய்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். உள்ளாட்சிக்கு உரிய புறம்போக்கை மனையாக வகைமாற்றம் செய்ய மன்றத்தின் தீர்மானத்தை வருவாய்த் துறை கேட்கும். ஆட்சேபனை இல்லை என்ற அந்த ஒரு தீர்மானம் வராமல் கோப்பு ஆண்டுக்கணக்கில் கிடப்பதுண்டு. ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி எனும் வருவாய்த் தீர்வாயத்துக்கு முன்பே அந்தத் தீர்மானத்தை வாங்கி மனுவோடு இணைத்தால் கோப்பு நகரும்.

தலைவர்கள் தாமாகவே ஏழையின் வாசலுக்கு வரும் நாள் ஒன்று உண்டு. மலையடிவார ஊர்களில் கோடையில் குடிசை தீப்பிடித்தால், அன்று மாலைக்குள் வார்டு உறுப்பினர் வருவார், ஒன்றியத்திலிருந்து ஆள் வரும், மறுநாள் சட்டமன்ற உறுப்பினரும் வரக்கூடும். அரிசி, வேட்டி, சேலை, பாத்திரம், கொஞ்சம் ரொக்கம். கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை எழுதுவார். வட்டாட்சியர் நிவாரணத் தொகையைக் கொடுப்பார். குடும்ப அட்டையும் ஆதாரும் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழும் சாம்பலாகியிருக்கும். உதவியை நன்றியோடு வாங்கிக்கொண்டு குடும்பம் அதே இடத்தில் அதே கீற்றை வேய்கிறது. வந்தவர்களின் பரிவு பொய்யானதல்ல. அந்த நேரத்தில் அவர்களிடம் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். குடிசை நின்ற இடத்தின் புல எண், அது என்ன வகைப்பாடு, அங்கேயே பட்டா கிடைக்குமா, கிடைக்காதென்றால் மாற்று மனை எங்கே, அடுத்த வீட்டுப் பட்டியலில் இந்தப் பெயர் வருமா: இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, ஊரார் முன்னிலையில் தலைவர் கையில் கொடுத்து, தேதியும் வாங்கிவிட்டால் நிவாரணம் கொடுக்க வந்த வருகை வீடு கொடுக்கும் வருகையாக மாற வாய்ப்புண்டு.

தமிழக அரசியலில் வீடு எப்போதுமே தலைவர்களின் பெயரோடு வந்த பொருள். மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க ஆறாண்டு இலக்கு வைத்தது. 2011இல் ஆட்சி மாறியது, அந்தத் திட்டம் நின்றது, ஜெ. ஜெயலலிதா அரசு ஆண்டுக்கு 60 ஆயிரம் பசுமை வீடுகள் என்று வேறு திட்டம் கொண்டுவந்தது. 2010இல் கணக்கெடுத்து, தகுதி உண்டு என்று எழுதி, வீடு கிடைக்காமலே விடுபட்ட குடிசைகளை 2024இல் கனவு இல்லம் திட்டத்துக்காக மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பதினான்கு ஆண்டு. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போகும் வயதில்தான் அந்தக் குடிசை மறுபடி எண்ணப்பட்டது. கட்சி மாறினால் திட்டத்தின் பெயர் மாறட்டும். பட்டியல் தொலையக் கூடாது. எல்லாக் கட்சி உள்ளூர்த் தலைவர்களும் உடன்படக்கூடிய கோரிக்கை இது. ஒரு கட்சிக்காரரை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் இயக்கம் அடுத்த தேர்தலோடு முடிந்துவிடும்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு இழப்பும் நேர்ந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தல் தள்ளிப்போனது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2019 டிசம்பரில் பிற மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களோடு இதுவும் விடுபட்டது. 2021 அக்டோபரில்தான் கிராம ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் தொடங்கியது 2016 நவம்பர். பட்டியல் சரிபார்ப்பும் பயனாளித் தேர்வும் மும்முரமாக நடந்த ஐந்தாண்டுகளில் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. தனி அலுவலர்களே இருந்தார்கள். விடுபட்ட பெயருக்காகக் கேள்வி கேட்க ஓட்டு வாங்கிய ஆள் யாருமில்லை. உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துவதும் வீடற்றோர் பிரச்சினையின் ஒரு பகுதியே.

மலைமேல் கதை இன்னும் சிக்கலானது. கல்வராயன் மலை நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கையில் இருந்தது; அந்த முறை 1976இல்தான் முடிவுக்கு வந்தது. சமவெளியில் தலைமுறை தலைமுறையாக நிலப்பதிவு இருக்க, மலைக்கு அது மிகவும் பிந்தியே வந்தது. மலையாளி பழங்குடிக் குடும்பம் மூன்று தலைமுறையாக ஒரே இடத்தில் குடியிருந்தாலும், அந்த இடம் ஏட்டில் காடாக இருந்தால் வீட்டுத் திட்டம் எட்டாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு வழி திறந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வனநிலத்தில் குடியிருக்கும் பழங்குடியினருக்கு, குடியிருப்புக்கும் சாகுபடிக்கும் சேர்த்து 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. ஆனால் 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது முடங்கியது. 2016இல் உச்ச நீதிமன்றத்தில்தான் அந்தத் தடை நீங்கியது.

வன உரிமைச் சட்டத்தின் அமைப்பில் அரசியல் பிரதிநிதிக்குத் திட்டவட்டமான இடம் உண்டு. கோரிக்கை முதலில் கிராம சபைக்கும் அது அமைக்கும் வன உரிமைக் குழுவுக்கும் வர வேண்டும். அடுத்து கோட்ட அளவிலான குழு. அதில் ஒன்றியக்குழு உறுப்பினர்கள் மூவர். அதற்குமேல் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு; அதில் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள் மூவர். இந்த ஆறு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தால், அல்லது உட்கார்ந்திருப்பவருக்குத் தம் அதிகாரம் தெரியாவிட்டால், வனத்துறையும் வருவாய்த் துறையும் மட்டுமே பேசி முடித்துவிடும். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு வட்டாரத்தில் வீட்டுக்காகப் போராடுகிறவர்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டியவர்கள் இந்த உறுப்பினர்களே. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. எனவே வேறு சில மாநிலங்களில் பழங்குடிக் கிராம சபைக்கு உள்ள தனி அதிகாரங்கள் கல்வராயன் மலைக்கு இல்லை. இருக்கிற அதிகாரத்தையாவது முழுதும் பயன்படுத்த வேண்டும்.

பழங்குடிகளுக்கிடையேயும் திட்டம் கோடு போடுகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம், மிகவும் நலிந்த பழங்குடிகளுக்குத் தனியாக வீடு கட்டித் தருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தினர். அடிவாரத்து இருளர் அதில் வருவார். மலைமேல் உள்ள மலையாளி வரமாட்டார். இருளருக்குச் சாதிச் சான்று கிடைப்பதே பெரும்பாடு. திண்டிவனத்தை மையமாகக் கொண்ட பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பல்லாண்டுகளாக அதற்காகவும் போராடி வந்திருக்கிறது. மலையாளிக்கு வேறு தொல்லை. சிமெண்டும் கம்பியும் ஜல்லியும் அடிவாரத்துக் கச்சிராயபாளையம் பக்கமிருந்து மலையேற வேண்டும். வண்டி போகாத சிற்றூருக்குத் தலைச்சுமையாகப் போக வேண்டும். பேஸ்மட்டம் முடிந்து ஓவர்சியர் வந்து அளந்து படமெடுத்தால்தான் முதல் தவணைக்கு பில் போடுவார்கள். அடுத்து லிண்டல் மட்டம், அதற்கடுத்து கூரை. அதுவரை கைக்காசு இல்லாத குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது, அல்லது அரைச்சுவரோடு வேலையை நிறுத்திவிட்டுத் தோட்ட வேலைக்கு வெளியூர் போகிறது. ஏற்றுக்கூலியைக் கணக்கில் கொண்டு மலைக்குத் தொகை நிர்ணயிக்கச் செய்வது ஊராட்சித் தலைவரால் ஆகாது. சட்டமன்ற உறுப்பினர் சட்டமன்றத்தில் பேச வேண்டிய பொருள் அது. ஓவர்சியரைக் காலத்தில் வரவழைப்பது ஊராட்சித் தலைவரால் ஆகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபின், கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கெடுத்தது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்ப்பது நல்லது என்றும் நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். தலைவர் நேரில் வருவதற்கு ஒரு பலன் உண்டு. 2021 நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில், நரிக்குறவர், இருளர் குடியிருப்புக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று மனைப்பட்டாவும் சாதிச் சான்றும் வழங்கினார். அந்த வருகைக்குப் பின்னால் இருந்தது, கோயில் அன்னதானப் பந்தியில் இடமில்லை என்று தன்னை விரட்டியதை அஞ்சாமல் வெளியே சொன்ன ஒரு நரிக்குறவர் பெண்ணின் குரல். ஒரு பூஞ்சேரிக்கு முதலமைச்சர் வரலாம். எல்லாக் குடியிருப்புக்கும் வர முடியாது. அங்கெல்லாம் வர வேண்டியவர் ஊராட்சித் தலைவரே.

கணக்கெடுப்பு சொல்லும் நேர்ப்பொருளில் வீடற்றவர்களான, பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் படுத்திருக்கும் முதியவர்களும் மனநோயாளிகளும் மறக்கப்படக் கூடாது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும் என்பது நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. சிறு பேரூராட்சிக்கு அது பொருந்தாது என்று கைவிட முடியாது. அலைந்து திரியும் மனநோயாளியைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். வார்டு உறுப்பினர் ஒருவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாலே அது நடக்கும். ஆதரவற்றவரை ஏதோ ஒரு இல்லத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதன் ஆபத்தை 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் காட்டியது. உரிமம் இல்லாமல் நடந்த ஆசிரமம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். உள்ளே அவர்கள் பட்ட கொடுமைகள் விசாரணையில் வெளிவந்தன. தம் எல்லைக்குள் இருக்கும் இல்லங்களுக்கு உரிமம் உண்டா என்று கேட்பது உள்ளாட்சித் தலைவரின் கடமை.

வெளியூர் அனுபவங்களில் கற்க வேண்டியது ஒன்று உண்டு: தலைவர் ஓர் எண்ணையும் ஒரு தேதியையும் பகிரங்கமாக ஏற்றுக்கொண்ட இடங்களில் வேலை நடந்திருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்காக மேயர்களிடம் ஓர் அறைகூவல் விடப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் மேயர் மிட்ச் லாண்ட்ரூ அதை ஏற்று, 227 பேருக்கு நிரந்தர வீடு கிடைத்தது என்று 2015 ஜனவரியில் அறிவித்தார். பின்லாந்தில் 2008இல் அரசும் பெருநகரங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, தங்கும் விடுதிகளை வாடகை வீடுகளாக மாற்றத் தொடங்கின. அருகிலுள்ள கேரளத்தில் 1972லேயே அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தை ஊராட்சிதோறும் கொண்டுபோனார். அண்மையில் அதே மாநிலத்தில் உள்ளாட்சிகள் வழியாகக் கடும் வறுமையில் இருக்கும் 64,006 குடும்பங்களைப் பெயர் பெயராகக் கண்டறிந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் எழுதினார்கள். வடக்கனந்தல் அளவுள்ள ஊரில் அப்படிப் பெயர் எழுத ஒரு நோட்டுப் புத்தகமும் சில வாரங்களும் போதும்.

அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். தெருத் தெருவாகப் போய், குடும்பத் தலைவி பெயர், எத்தனை பேர், இடத்தின் வகைப்பாடு, குடும்ப அட்டை உண்டா, சாதிச் சான்று உண்டா என்று எழுதிக்கொண்டபின் தலைவரிடம் போவது ஒன்று. எங்கள் ஊரில் பலருக்கு வீடில்லை என்று பொதுவாகப் புலம்புவது வேறு. முதலாவதற்குத் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. தலைவர் பெண்ணாக இருந்தால் பேச்சு அவரிடமே நடக்க வேண்டும். அவருடைய கணவரைத் தேடிப் போகும் வழக்கம் ஒழிய வேண்டும். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்து விடிய விடிய விழித்திருப்பது யார் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

கேட்பதும் பதவிக்குத் தக்கதாக இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் கேட்க வேண்டியது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். பயனாளிப் பட்டியல் அங்கே வாசிக்கப்பட வேண்டும். விடுபட்ட பெயர்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுத்தில் ஏற வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்வது மக்களின் உரிமை. வடக்கனந்தல் போன்ற பேரூராட்சியில் கிராம சபை இல்லை. அங்கே மன்றக் கூட்டமும், 2022 நவம்பர் முதல் நகர்ப்புறங்களில் நடத்தப்படும் பகுதி சபையும்தான் இடம். சட்டமன்ற உறுப்பினரிடம் மனையிடம், சாலை, மலைக்கான தொகை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் அவர் தலைமையேற்கும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்புக் குழுவில் வீட்டுத் திட்டத்தின் கணக்கு. பட்டியலில் பெயர் சேர்க்க யாராவது பணம் கேட்டால் அதைச் சபையிலேயே சொல்ல வேண்டும். தலைவரின் ஆளாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நல்ல தலைவருக்கு அது உதவி.

கள்ளக்குறிச்சி மாவட்டக் கிராம ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. பேரூராட்சி மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தில். அடுத்த தேர்தல் தள்ளிப்போனால் மறுபடியும் தனி அலுவலர் ஆட்சிதான். அதற்கு முன் கூடும் சபைகளில் வீடற்ற ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் தீர்மானமாக ஏற்றிவிடுங்கள். அதன் நகல் ஒன்றைக் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து யார் பதவிக்கு வந்தாலும் அந்த நகலை முதலில் அவர் கையில் கொடுங்கள்.